நெஸ்டா யாரோடு எழுந்தாள்

லன்ஹெடினில் ஒரு கல்யாணம் நடப்பதாக இருந்தால் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஓலையை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அதற்கு வெகுநாள் முன்பே ஊருக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஜனவரியில் பிளகைன் என்கிற கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை நடக்கும்போது யார் யாரோடு எழுந்து போய்ப் பாடினார்கள் என்பதை வைத்தே ஊர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும். போன வருடம் தனியாகப் பாடியவன் இந்த வருடம் ஒரு பெண்ணோடு எழுந்தால் கல்யாணம். சேர்ந்தே பாடிவந்த மாமனாரும் மருமகனும் தனித்தனியாக எழுந்தால் நிலத் தகராறு. ஒருவர் எழவே இல்லையென்றால் தொண்டை கெட்டிருக்க வேண்டும், அல்லது பெயர் கெட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் பிளகைனில் அறிவிப்பு என்று ஒன்று கிடையாது. பாதிரியார் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, "பிளகைன் திறந்தாச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். அன்றைக்கு அவர் வேலை அவ்வளவுதான். லன்ஹெடின்காரர்கள் தங்கள் பாதிரியாரை மனதார விரும்புவது வருடத்தில் அந்த ஒருநாள் மட்டும். அதன் பிறகு யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து, முன்னால் போய், நெருக்கியடித்து வட்டமாக நின்று, தங்கள் குடும்பத்துக் கேரலைப் பாடிவிட்டுத் திரும்புவார்கள். ஆர்கன் கிடையாது. கைதட்டல் கிடையாது. ஒரு கூட்டத்தார் பாடியதை இன்னொரு கூட்டத்தார் பாடக் கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்வரை விழுகிற மௌனத்தில், இனி யார் எழப்போகிறார்கள் என்று நூற்றைம்பது கழுத்துகள் திரும்பிப் பார்க்கும். கர்த்தர் பிறந்ததைப் பற்றிய அக்கறையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படிப்பட்ட ஊரில், அறுபத்தொரு வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்றிருந்த நெஸ்டா, சேப்பல்கார இட்வாலுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

கேட்ட இடமே அத்தனை விசேஷமானதல்ல. பாத்திரம் கழுவும் தொட்டி ஒழுகுகிறது என்று அவரைக் கூப்பிட்டிருந்தாள். டிராக்டர் மெக்கானிக்தான், ஆனால் தண்ணீரோ எண்ணெயோ எது ஒழுகினாலும் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கால்கள் மட்டும் வெளியே தெரிய, அவர் கேட்டார்.

"நெஸ்டா, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டியே?"

"கேக்கறதப் பொறுத்து."

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"மொதல்ல ஒழுகறத நிறுத்து."

நிறுத்தினார். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மனைவி காலமாகி ஒன்பது வருடம் ஆன மனிதர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் சட்டென்று முடித்துவிடுவார். தன்னை இவ்வளவு நாள் ஒருவரும் இப்படி நேருக்கு நேர் ஒன்றும் கேட்டதில்லை என்பது நெஸ்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளிடம் கேட்டவர்களெல்லாம் வேறு யாரிடமோ கேட்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். சரி என்றாள்.

"அப்ப பிளகைன்ல எங்ககூட எந்திரிச்சு வா," என்றார் இட்வால். "ஊருக்குச் சொன்னதா ஆச்சு. வேற தம்பட்டம் எதுவும் எனக்கு ஆகாது."

அங்கேதான் சிக்கல்.

சேப்பல்காரர் என்பது ஒரு சிக்கல். கோயிலுக்கும் சேப்பலுக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது. இரண்டிலும் ஒரே கடவுள், ஒரே வேதபுத்தகம், ஒரே மழை ஒழுகுகிற கூரை. ஆனால் இருநூறு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு விஷயத்தில் மனஸ்தாபம் வந்து பிரிந்தார்கள். என்ன விஷயம் என்று இப்போது இரண்டு பக்கமும் ஒருவருக்கும் தெரியாது, அதனால் விட்டுக்கொடுக்கவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பதினான்கு பேர், சேப்பலில் ஐந்து பேர். எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம், ஏறமாட்டார்கள். பிளகைன் மட்டும் எல்லோருக்கும் பொது. சண்டை போடவாவது வருடத்துக்கு ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா.

அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் அண்ணன்கள்.

நெஸ்டாவுக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவர் டெக்வின், மேல்பண்ணையில் இருக்கிறார். சின்னவர் எல்வெட், கீழ்ப்பண்ணையில் இருக்கிறார். அப்பா விட்டுப்போன ஒரே நிலத்தை ஒரு கற்சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. இருவரும் பேச்சை நிறுத்திப் பதினேழு வருடம் ஆகிறது. காரணம் டெக்வினின் கிடா. ஓர் அக்டோபரில் அது சுவரைத் தாண்டிப் போய், எல்வெட் கண்காட்சிக்கென்று பொத்திப் பொத்தி வளர்த்த சாதி ஆடுகளோடு மூன்று நாள் சுகமாக இருந்துவிட்டு வந்தது. வெளுத்த முகத்துக்குப் பேர்போன மந்தை. ஏப்ரலில் அத்தனை குட்டியும் கரிமுகத்தோடு பிறந்தபோது ஊரே வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணன்தான் வேண்டுமென்றே கதவைத் திறந்துவிட்டார் என்றார் எல்வெட். உன் ஆடுகள்தான் கூப்பிட்டன என்றார் டெக்வின். அதுதான் இருவரும் நேரில் பேசிய கடைசிப் பேச்சு.

அதன் பிறகு பேசியதெல்லாம் நெஸ்டா வழியாகத்தான். எல்வெட் தன் அண்ணனின் பெயரைச் சொல்வதுகூட இல்லை. "மேல இருக்கறவன்" என்பார். ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியம்மா லௌரி இதைக் கேட்டு, மனிதருக்குக் கடவுள்மேல் ஏதோ ஆறாத கோபம் என்று நினைத்து, ஒரு மாதம் அவருக்காக ஜெபித்தார்.

ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை மூவரும் தோளோடு தோள் உரச நின்றுதான் ஆக வேண்டும். குடும்பத்துக் கேரலுக்கு மூன்று குரல் வேண்டும். அதை எழுதியவர் இவர்களின் கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தா, சப்பாத்து தைக்கிற ஷோன். கோயில் கணக்குப்பிள்ளையும் அவரேதான். பதினாறு சரணம். ஆதாமில் தொடங்கும், பாம்பு வரும், நோவா வருவார், தீர்க்கதரிசிகள் வரிசையாக வந்து நிற்பார்கள். பிறக்க வேண்டிய குழந்தை பதினோராம் சரணத்தில்தான் பிறக்கும். கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் பதினான்கில் சிலுவை, பதினாறில் நியாயத்தீர்ப்பு. மெட்டு மட்டும் ஒரு சிப்பாயையும் சாராயக்கடைக்காரர் மனைவியையும் பற்றிய பழைய பாட்டின் மெட்டு. வரிக்கு வரி எதுகையும் மோனையும் ஒன்றையொன்று பூட்டிக் கிடக்கும். ஷோன் தைத்த சப்பாத்து ஒரு மழைக்குத் தாங்காது என்று அப்போதே ஊரில் புகார் உண்டு. பாட்டில் அவர் ஒரு தையலும் விடவில்லை.

அச்சில் அது வந்ததே இல்லை. ஒரு நோட்டுப்புத்தகத்தில் கையால் எழுதி வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் இரட்சிப்பு, மறுபக்கத்தில் ஆட்டின் குளம்பு அழுகலுக்கு மருந்து. அப்பா சாகும்போது பிள்ளைகள் மூவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "ஒரு வருஷம்கூடப் பாடாம விட்டுடாதீங்க. எட்டாவது சரணத்துல ஓடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் நவம்பர் வந்தாலே நெஸ்டாவுக்கு வேலை ஏறிவிடும். திங்கட்கிழமை மேல்பண்ணைச் சமையலறையில் டெக்வினோடு ஒத்திகை. வியாழக்கிழமை கீழ்ப்பண்ணைத் தொழுவத்தில் எல்வெட்டோடு ஒத்திகை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது நெஸ்டாவின் தலைக்குள் மட்டும்.

"அவன் அடித்தொண்டையில மாடு மாதிரி இழுக்கறான்," என்பார் டெக்வின். "போன வருஷம் எனக்கு அவமானமாப் போச்சு. சொல்லிடு."

வியாழக்கிழமை நெஸ்டா சொல்வாள். "உன் குரல்ல கனம் நல்லா இருக்காம். கொஞ்சம் சுருக்கமா நிறுத்துனா இன்னும் எடுப்பா இருக்குமாம்."

"அவனா சொன்னான்?" எல்வெட் சந்தேகமாகப் பார்ப்பார். "பல்லு செட்டக் கழட்டி வெச்சுட்டுப் பாடச் சொல்லு. சிலுவைல அறையற எடத்துல டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது, அது ஆணியா அவன் பல்லான்னு எனக்கே தெரியல."

திங்கட்கிழமை அது டெக்வினிடம் போய்ச் சேரும்போது, உச்சரிப்பு தெளிவாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று சின்னண்ணன் அபிப்பிராயப்படுகிறார் என்று ஆகியிருக்கும். பாட்டோடு நிற்கவில்லை. மழைநீர்க் கால்வாய், சுவர் மராமத்து, டெக்வினின் மூலவியாதி, எல்வெட்டின் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று பதினேழு வருடமாக எல்லாச் செய்தியும் அவள் வாயால் கழுவப்பட்டுத்தான் சுவரைத் தாண்டியது. தான் மட்டும் இல்லையென்றால் இவர்கள் ஒருவரையொருவர் மண்வெட்டியால் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோயிலில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாத பெருமை.

இப்போது கல்யாண விஷயத்தை யாரிடம் முதலில் சொல்வது?

பெரியவர் என்று டெக்வினிடம் முதலில் சொன்னால், "மேல இருக்கறவனுக்குத் தெரிஞ்ச பெறகுதான் எனக்கா," என்று எல்வெட் சாகும்வரை முகம் கொடுக்கமாட்டார். எல்வெட்டிடம் முதலில் சொன்னால் டெக்வின் கல்யாணத்துக்கே வரமாட்டார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்துச் சொல்லலாம் என்றால், அவர்கள் ஒரே இடத்தில் இருப்பது பிளகைன் அன்று பதினாறு சரணம் மட்டும். போனில் ஒரே நேரத்தில் சொல்லலாம் என்றால் கீழ்ப்பண்ணையில் சிக்னல் கிடையாது. ஒரே மாதிரி இரண்டு கடிதம் எழுதினாள். உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது, தபால்காரர் முதலில் மேல்பண்ணைக்குத்தான் போவார். இரண்டையும் அடுப்பில் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை துணிந்து வாயைத் திறந்தாள். "பெரியண்ணே, ஒரு விஷயம். அந்த இட்வால் இருக்காருல்ல..."

"அந்தச் சேப்பல்காரனா. ஏன், டிராக்டர் ரிப்பேருக்கு ஜாஸ்தியா கேட்டானா?"

"இல்ல. நல்ல மனுஷன்னு சொல்ல வந்தேன்."

"சேப்பல்ல நல்ல மனுஷங்க இருக்கலாம், யாரு இல்லைன்னா. ஏழாவது சரணம் எடு."

எடுத்தாள். அந்த வருடம் அவளுக்குள் முதல்முறையாக ஒரு கோபம் கிளம்பியது. இவர்கள் இருவரும் ஒரு கிடாவுக்காக முறைத்துக்கொண்டு நிற்பதால், அறுபத்தொரு வயதில் தனக்குக் கிடைத்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லக்கூட நாதியில்லாமல் போயிற்றே என்று தோன்றியது. அப்பா கேரலை விடாதே என்றுதான் சொன்னார், கேரலுக்காகச் சாகச் சொல்லவில்லை. இட்வாலோடு எழுந்துவிட்டால் கேரல் நடுக்குரல் இல்லாமல் நின்றுபோகும். அதற்கு ஊர் அவளைத்தான் பேசும். எழாவிட்டால் இட்வால் அடுத்த பிளகைன்வரை ஒரு வார்த்தை கேட்கமாட்டார், அதுதான் அவரிடம் பயம். இரண்டு வாரம் தூக்கமில்லாமல் புரண்டாள். ஆராதனைக்கு முந்தின நாள் கேக் செய்யும்போது உப்பையும் சர்க்கரையையும் மாற்றிப் போட்டாள். அதைத் தூக்கிக் கோழிக்கு எறிந்தபோது முடிவு எடுத்துவிட்டாள்.

பிளகைன் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே கோயில் நிறைந்துவிட்டது. மலைக்கு அந்தப்பக்கத்துப் பங்குகளிலிருந்துகூடக் கார் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஹீட்டர் எரிந்தது, சூடு மட்டும் வரவில்லை. டெக்வின் வழக்கம்போலப் பிரசங்க மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எல்வெட் வழக்கம்போல எதிர்ப்பக்கம் ஞானஸ்நானத் தொட்டிக்கு அருகே. நெஸ்டா வழக்கம்போல நடுவில், பால்பண்ணை லூனெட்டுக்குப் பக்கத்தில். இட்வாலும் அவருடைய அக்கா மகன்கள் இருவரும் கடைசிப் பெஞ்சில் இருந்தார்கள். கோயிலில் எங்கே உட்கார்ந்தாலும் சேப்பல்காரர்கள் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

பாதிரியம்மா லௌரி ஜெபித்தார், திறந்தாச்சு என்றார், உட்கார்ந்தார். முதலில் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நான்கு பேர். பிறகு தனியாக ஒரு கிழவர், பல்லே இல்லாமல், கேட்டவர் கண்ணில் நீர் வரும்படி பாடினார். பிறகு ஒரு தம்பதி. அவர்கள் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் பாதிப் பேருக்கு ஏமாற்றம். பிறகு மௌனம்.

கடைசிப் பெஞ்சில் அசைவு கேட்டது. இட்வாலின் பூட்ஸ் சத்தம் நடுவழியாக மெல்ல வந்தது. அவர் நெஸ்டாவின் பெஞ்சைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார். நெஸ்டா எழுந்தாள். லூனெட் மூச்சை இழுத்துப் பிடித்தது பெஞ்சு முழுக்கக் கேட்டது. நெஸ்டா நடுவழியில் கால் வைத்து, இட்வாலின் மருமகன்களுக்குப் பின்னால் நடந்தாள்.

அவள் ஒன்றை யோசிக்கத் தவறிவிட்டாள். பதினேழு வருடமாக அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. எப்போது எழுவது என்று பேசிவைத்துக்கொள்வதும் இல்லை. நெஸ்டா எழுந்தால் எழ வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவள் எழுந்ததும் மேடைக்குக் கீழிருந்து டெக்வின் எழுந்தார். தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எல்வெட் எழுந்தார். இருவரும் தரையைப் பார்த்தபடியே நடந்து, முன்னால் வந்து, அவளுக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் என்று தங்கள் இடத்தில் நின்றுவிட்டார்கள். நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். வட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள்.

இட்வால் டெக்வினைப் பார்த்தார். டெக்வின் இட்வாலைப் பார்த்தார். முன்வரிசையில் பாதிரியம்மா லௌரி, கோயிலும் சேப்பலும் இருநூறு வருடத்துக்குப் பிறகு சேர்ந்து பாடப் போகின்றன என்று நினைத்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவனுங்க எதுக்கு வந்தானுங்க?" என்றார் டெக்வின், உதட்டை அசைக்காமல். யாரிடம் கேட்கிறோம் என்று பார்த்துக் கேட்கவில்லை.

"இவ யார்கூட வந்திருக்கா?" என்றார் எல்வெட், அதேபோல.

சொல்ல வேண்டியதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கும்படி சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஆயுசில் வராது. பலிபீடத்துக்கு முன்னால், நூற்றைம்பது பேர் பார்த்திருக்க, நெஸ்டா இட்வாலின் பக்கம் ஓர் அடி நகர்ந்து நின்றாள். இருவருக்கும் புரிந்தது. டெக்வினின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது.

அவர்கள் அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் யார் முதலில் திரும்புவது? டெக்வின் எல்வெட்டின் காலைப் பார்த்தார், எல்வெட் டெக்வினின் காலைப் பார்த்தார். இருவரின் காலும் அசையவில்லை. நெஸ்டா மெல்லச் சுருதி கொடுத்தாள், இட்வாலின் கூட்டம் பாடத் தொடங்கியது. சேப்பல் கேரல் ஒன்பது சரணம். அந்த ஒன்பது சரணமும் அண்ணன்கள் இருவரும், ஒரு வார்த்தை தெரியாமல், வாயை இறுக மூடிக்கொண்டு, கதவில்லாத இரண்டு கல்தூண்கள் மாதிரி நின்றார்கள். இட்வாலின் சின்ன மருமகன் நான்காம் சரணத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமலாக மாற்றினான். இட்வால் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி வைத்திருந்த நெஸ்டா மட்டும் நன்றாகப் பாடினாள். பயம் போன இடத்தில் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாடி முடித்ததும் இட்வாலின் கூட்டம் திரும்பியது. நெஸ்டாவும் அவர்களோடு நடந்து, கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில், இட்வாலின் அருகில் உட்கார்ந்தாள். ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

முன்னால் அண்ணன்கள் மட்டும் இருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நின்றார்கள். பிளகைனில் முன்னால் போனவர்கள் பாடாமல் திரும்பினதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. டெக்வின் தொண்டையைக் கனைத்தார். கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வேறு வழியே இல்லையென்று ஆன பிறகு, திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"சுருதி என்ன?"

கடைசிப் பெஞ்சுவரை கேட்டது.

"எனக்கென்ன தெரியும்," என்றார் எல்வெட். "எப்பவும் அவதான குடுப்பா."

"எங்கயாவது ஒரு எடத்துல புடிடா."

"நீ மேல புடிச்சா எனக்கு எட்டாது."

"கீழ புடிச்சா எனக்குப் பாதாளம் தெரியும். புடி ஒண்ணை."

எல்வெட் முனகிப் பார்த்தார். டெக்வின் தலையை ஆட்டினார், இன்னும் கொஞ்சம் ஏற்று என்று கையைக் காட்டினார். ஏற்றினார். அப்படியே, கண்காட்சியில் ஆட்டுக்கு விலை பேசுகிற மாதிரி ஏற்றி இறக்கி, ஓர் இடத்தில் இருவரும் படிந்தார்கள். ஆதாமில் தொடங்கினார்கள்.

நெஸ்டா இந்தக் கேரலை ஒருநாளும் கேட்டதில்லை. பாடத் தெரிந்த நாளிலிருந்து அதற்கு உள்ளேயே நின்றிருக்கிறாள். வெளியே உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல்முறை. முதல் சரணத்தில் அவள் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஓட்டை தெரியப் போகிறது என்று காத்திருந்தாள். தெரியவில்லை. பாம்பு வருகிற இடத்தில் சறுக்குவார்கள் என்று நினைத்தாள். சறுக்கவில்லை. மேலே ஒரு குரலும் கீழே ஒரு குரலும் போய்க்கொண்டிருந்தன, எட்டாவது சரணத்தில் ஓடாமல் நிதானமாக நடந்தன. எல்வெட் மாடு மாதிரி இழுக்கவில்லை. சிலுவையில் அறைகிற இடத்தில் பல் சத்தம் கேட்டது, ஆனால் அந்த இடத்துக்கு அது நன்றாகவே பொருந்தியது. சாராயக்கடை மெட்டில் உலகம் முடிந்து, பரிசுத்தவான்கள் எழுந்தார்கள்.

நடுப்பெஞ்சிலிருந்து லூனெட் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே வாயசைவில் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

நெஸ்டா தலையை ஆட்டினாள். அழுகையாக வந்தது. சந்தோஷத்தில் என்று இட்வால் நினைத்து அவள் கையைப் பிடித்தார். சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. கேரல் நிற்கவில்லை, அப்பா சொன்ன வார்த்தை தட்டிப்போகவில்லை, தன் இடமும் மாறிவிட்டது. ஆனால் அதற்கு மேலே வேறொன்று நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. வாழ்நாள் முழுக்கத் தான் இல்லாமல் நடக்காது என்று நினைத்த ஒரு காரியம் தன் கண் முன்னால் தான் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சரணமாவது தப்பாகப் பாடித் தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

ஆராதனை முடிவில், அன்று பாடின ஆண்கள் எல்லோரும் ஒன்றாக முன்னால் போய்ப் பாடுகிற கேரல் ஒன்று உண்டு. இட்வால் தயங்கித் தயங்கிக் கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றார். டெக்வின் திரும்பிப் பார்த்தார். கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து அவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சம்மதமா அல்லது அடிப்பதற்கு வசதியான இடத்தில் வைத்துக்கொள்கிறாரா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. பாட்டு முடிந்தும் அடிக்காததால் சம்மதம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

சாப்பாடு பள்ளிக்கூட ஹாலில். மேஜைமேல் குளிர்ந்த பன்றி இறைச்சி, ஊறவைத்த வெங்காயம், வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டி, வாளி வாளியாகத் தேநீர். டெக்வினும் எல்வெட்டும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எட்டாவது சரணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையில் இருவருக்கும் இருந்த ஆனந்தத்தைப் பார்த்து மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்கு நகர்ந்தார்கள். நெஸ்டா திட்டு வாங்கத் தயாராகப் போய் அவர்கள் முன்னால் நின்றாள்.

"ஏண்டி, முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார் டெக்வின்.

"யார்கிட்ட மொதல்ல சொல்றது? ஒனக்குச் சொன்னா இவன் குதிப்பான், இவனுக்குச் சொன்னா நீ குதிப்ப."

"அது நெசந்தான்," என்றார் எல்வெட். "நான் குதிச்சிருப்பேன்."

"சேப்பல்காரன் பாடறது பரவாயில்ல," என்றார் டெக்வின். "ஒன்பது சரணந்தான், பாவம். அதுக்கு மேல அவங்களுக்கு எழுத வரல போல."

அவ்வளவுதான். திட்டு முடிந்துவிட்டது. நெஸ்டா நகரவில்லை.

"பதினேழு வருஷம்," என்றாள். "ரெண்டு பேரும் இப்படி ஒரு மேஜைல உக்காந்து பேசணும்னு நான் படாத பாடில்ல. திங்கக்கெழம அங்க, வியாழக்கெழம இங்க. நீங்க பேசின அசிங்கத்தையெல்லாம் முழுங்கி, நல்லதா நாலு வார்த்த சேத்துச் சொல்லி, என் பாதி உசுரு இதுலயே போச்சு. அப்பல்லாம் பேசாதவங்களுக்கு இன்னைக்கு மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

டெக்வின் வாயில் இருந்ததை மென்று முடித்தார். கேள்வியை அவர் ஒரு நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு நீ இல்லையே," என்றார்.

"அப்படின்னா?"

"நீ இருந்த வரைக்கும் நாங்க எதுக்குப் பேசணும்? சொல்ல வேண்டியத நீ கொண்டு போவ, கேக்க வேண்டியத நீ கொண்டு வருவ. ஒரு கொறையும் இல்ல. நல்லாத்தான் போச்சு."

"அதுலயும் நீ சொல்றப்ப மரியாதையா இருக்கும்," என்றார் எல்வெட். "இவன் பேசறத நேர்ல கேட்டா சகிக்கல."

அவர்கள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். இருவர் முகத்திலும் ஒரு துளி கள்ளம் இல்லை. எல்வெட் ஊறவைத்த வெங்காயத்தை அண்ணனின் தட்டுப் பக்கம் தள்ளினார், டெக்வின் எடுத்துக்கொண்டார். நெஸ்டா அந்த வெங்காயத்தைப் பார்த்தபடி நின்றாள். தான் ஒரு தடவை தடிமன் பிடித்து ஒரு மாதம் படுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. சண்டை வந்த அந்த முதல் வருடமே.

"ஒக்காரு," என்றார் டெக்வின். "ஏன் நின்னுக்கிட்டே இருக்க? எட்டாவது சரணத்துல இவன் பாடினது சரியா தப்பா, நீயே சொல்லு இவனுக்கு."

"நீயே சொல்லு," என்றாள் நெஸ்டா. அவர் தட்டிலிருந்த திராட்சை ரொட்டியைக் கேட்காமல் எடுத்துக் கடித்துக்கொண்டு, இட்வால் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கப் போனாள்.